நங்கலி என்ற சொல்லுக்கு இரண்டு அட்டைகள்

போன மாதம் நான் வேலை பார்த்த அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் போனில் அழைத்தாள். அவள் என்னைப் பார்த்ததில்லை. நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவள். பழைய செடிப் பெயர் அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"மேடம், 'நங்கலி'ங்கிற சொல்லுக்கு ரெண்டு அட்டை இருக்கு. ஒண்ணுல கலப்பைக் கிழங்குன்னு போட்டிருக்கு. இன்னொண்ணுல பொடுதலைன்னு இருக்கு. அது உங்க கையெழுத்துன்னு சொல்றாங்க. எதை ஏத்தட்டும்?"

அரை மணி நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை. போனில் சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. வடமதுரைக்குப் பக்கத்தில் பிறந்தேன். அப்பா கத்தரியும் தக்காளியும் போட்டார். நான் திண்டுக்கல்லில் தாவரவியல் படித்தேன். படிப்பு முடிந்ததும், மூலிகைகளையும் பழைய மருத்துவச் சுவடிகளையும் ஆராய்வதற்காக ஊருக்கு வெளியே தொடங்கியிருந்த ஓர் அறக்கட்டளையில் களப்பிரிவில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் செடி பறித்தேன், காயவைத்தேன், ஒட்டினேன். அந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது அட்டைகளைப் பற்றி. ஒவ்வொரு செடிப் பெயருக்கும் இரண்டு அட்டை உண்டு. வெள்ளை அட்டை சொல்லுக்கு, பச்சை அட்டை செடிக்கு. வெள்ளை அட்டையில் சொல் எந்த மொழி, எந்தச் சுவடியில் வருகிறது, வேறு என்ன பொருள் உண்டு என்று எழுத வேண்டும். பச்சை அட்டையில் செடியை யார் காட்டினார்கள், எந்த ஊரில், எந்த மண்ணில், பூத்திருந்ததா காய்த்திருந்ததா என்று எழுத வேண்டும். பூவில்லாத செடிக்கு அட்டை கிடையாது. பூவோடு பறித்து, தினமும் செய்தித்தாள் மாற்றி, மரச்சட்டத்துக்குள் அழுத்திக் காயவைத்து, பூச்சி அரிக்காமலிருக்க நஞ்சு கலந்த திரவத்தில் முக்கி எடுத்து, கெட்டித் தாளில் தைத்து ஒட்டி, அதற்கு ஒரு எண் கொடுத்த பிறகுதான் பச்சை அட்டை. கடைசியாக இரண்டு அட்டைகளையும் ஒன்றாக வைத்துக் குண்டூசி குத்த வேண்டும். அந்தக் குண்டூசியை இயக்குநர் மட்டும்தான் குத்துவார். குத்திவிட்டால் இந்தச் சொல் இந்தச் செடிதான் என்று அறக்கட்டளை சொல்லிவிட்டது என்று பொருள்.

இயக்குநர் டாக்டர் சந்திரமோகன் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. யார் அறைக்குள் போனாலும் எழுந்து நிற்பார். கூட்டிப் பெருக்குகிற அம்மா போனாலும் நிற்பார். பென்சிலால்தான் எழுதுவார், பென்சிலை பிளேடால் சீவி, சீவலை ஒரு காகிதத்தில் பிடித்து, மடித்துக் கூடையில் போடுவார். பேனாவில் எழுதிவிட்டால் தப்பை ஒத்துக்கொள்ள மனசு வராது என்பார். பட்டம் வாங்கியது தாவரவியலில். ஆனால் அவருடைய ஆசையெல்லாம் பிராகிருதத்தின் மேல். எங்கேயோ வடக்கே போய் ஒரு பண்டிதரிடம் ஆறு வருடம் உட்கார்ந்து படித்திருந்தார்.

"சமஸ்கிருதம் சட்டை மாட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கும்மா. பிராகிருதம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வயல்ல நிக்கும். செடியோட பேரு வேணும்னா வயலுக்குத்தான் போகணும்" என்பார்.

அவர் வயலில் இறங்கி நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கன்னிவாடிப் பக்கம் மலையடிவாரத்து வைத்தியர் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டில் கிடந்த ஓலைக்கட்டைக் கொடுத்தது. தமிழ்தான், ஆனால் இடையிடையே வடக்கத்திப் பெயர்கள். டாக்டர் அதைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி எண்ணெய் தடவித் துடைத்து எடுத்தார். மூல நோய்க்கான மருந்து ஒன்றில் இந்த நங்கலி வந்தது. ஈர வரப்பில் படரும் நங்கலியை வேரும் இலையுமாக எடுத்து, அரைத்து, மோரில் கொடுக்கச் சொன்னது அந்த ஓலை.

அன்று மாலை எங்களையெல்லாம் கூப்பிட்டுக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அவர் முகம் கல்யாண வீட்டு முகம் மாதிரி இருந்தது.

"சமஸ்கிருதத்துல லாங்கலம்னா கலப்பை. பிராகிருதத்துல 'ல' போய் 'ண' வந்து ணங்கலம். தமிழ்ல சொல்லு முதல்ல 'ண' நிக்காது, அதனால ஓலை எழுதினவரு 'ந' போட்டிருக்காரு. நம்ம நாஞ்சிலும் இதுக்குச் சொந்தக்காரன்தான். எது எதுக்குத் தாய்னு சண்டை வேணாம். நங்கலம் கலப்பைன்னா நங்கலி எது? கலப்பை மாதிரி இருக்கறது. அந்தக் கிழங்கத் தோண்டிப் பாத்திருக்கீங்களாம்மா, மேரி? ரெண்டு கொம்பா வளைஞ்சு, அச்சு அசல் கலப்பை."

தோண்டிப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் அதைக் கண்வலிக் கிழங்கு என்போம். செந்தீ மாதிரி பூக்கும் செங்காந்தள்தான் அது. வேலியில் ஏறிக் கிடக்கும்; விதைக்காகத் தோட்டத்தில் பயிராகவும் போடுவார்கள். அதைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அம்மா எங்களைச் சாப்பிட விடமாட்டார். அதைத் தின்று செத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் சண்டை முற்றிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் போய் அந்த வீட்டு வேலியைத்தான் பார்ப்பார்கள், கொடி பிடுங்கியிருக்கிறதா என்று.

மறுநாள் நானும் தேடினேன். பழைய நிகண்டுகளில் இதே சொல்லின் உறவுகளுக்கு ஒரு பொருள் இல்லை, பல பொருள். கலப்பை என்கிறது. செங்காந்தள் என்கிறது. தென்னை என்றும் சொல்கிறது. வடமொழி மருத்துவப் பட்டியல் ஒன்றில், நீரோரத்தில் படரும் ஒரு சிறு கொடிக்கும் இதே பெயர். அது நம் பொடுதலை. வாய்க்கால் ஓரத்தில், ஈர வரப்பில், மிதிபட்டுக் கிடக்கும். பூங்கொத்து சின்னத் திப்பிலி மாதிரி நிற்கும். மூலத்துக்கு அதைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் ஊரிலேயே உண்டு. ஓலை சொன்ன ஈர வரப்பு, படர்வது, இலையோடு அரைப்பது மூன்றுமே பொடுதலைக்குப் பொருந்தியது. கண்வலி படராது, ஏறும். அதன் கிழங்கைத்தான் எடுப்பார்கள், இலையை யாரும் அரைக்கமாட்டார்கள்.

ஈர வரப்பில் போய்ப் பொடுதலையைப் பூவோடு பறித்து வந்தேன். தாள் தைத்தேன், பச்சை அட்டை எழுதினேன். அதோடு அவர் அறைக்குப் போனேன். எழுந்து நின்றார். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"தென்னைன்னும் இருக்குன்னீங்களே. அப்பத் தேங்காத் துவையல் சாப்பிட்டா மூலம் போயிருமா?" என்று சிரித்தார். கிண்டலாக அல்ல, செல்லமாக. பிறகு கேட்டார்: "சரிம்மா. பொடுதலைக்கு ஏன் கலப்பைப் பேரு வச்சாங்க? அதுல கலப்பை எங்க இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

"வரப்புன்னு வருதே சார், ஈர வரப்பு..."

"வரப்பு இருக்கற எடத்துலதானேம்மா கலப்பை இருக்கும்?"

தன் செடிக்கு அவரால் காரணம் சொல்ல முடிந்தது. என் செடிக்கு என்னால் முடியவில்லை. ஒரு பெயர் ஏன் வந்தது என்பது வேறு, அந்தப் பெயரால் ஒருவன் எதைக் காட்டினான் என்பது வேறு. இதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. பிறகு பேருந்தில் போகும்போது தோன்றியது. பேருந்தில் தோன்றி என்ன பயன்?

"நீங்க செடியப் பாத்துக்குங்க மேரி, சொல்ல நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, வெள்ளை அட்டையைக் கலப்பைக் கிழங்கின் பச்சை அட்டையோடு வைத்துக் குண்டூசி குத்தினார். என் அட்டையைத் தூக்கிப் போடவில்லை. "இதுவும் இருக்கட்டும்" என்று பின்னால் செருகினார். அவர் எதையும் தூக்கிப் போடமாட்டார். நான் அவருடைய அட்டையின் மேல் ஒரு துண்டுத்தாளை ஒட்டி, சிவப்பு மையில் 'செடி உறுதியில்லை, உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது' என்று எழுதி வைத்தேன். அடுத்த வாரம் பார்த்தபோது துண்டுத்தாள் இல்லை. பசை இருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது.

அதோடு நின்றிருந்தால் அது அலுவலகச் சண்டை. அலமாரிக்குள் கிடந்து செத்திருக்கும். அடுத்த வருடம், கிராமங்களில் மருந்து கொடுக்கும் பெண் தொண்டர்களுக்காக ஒரு கைப்புத்தகம் போடுவதென்று முடிவாயிற்று. பன்னிரண்டு நோய், பன்னிரண்டு மருந்து. கன்னிவாடி ஓலையிலிருந்து டாக்டரே தேர்ந்தெடுத்தார். மூலத்துக்கு நங்கலி. அடைப்புக்குறியில் கலப்பைக் கிழங்கு.

அச்சுக்குப் போகும் பிரதி என் மேசைக்கு வந்தது. களப்பிரிவு சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பிரதியோடு மறுபடியும் அவர் அறைக்குப் போனேன்.

"சார், இது ஒண்ண மட்டும் எடுத்துருவோம். பதினொண்ணாப் போடுவோம்."

"ஓலையில இருக்கறத நாம எடுக்கலாமாம்மா? நீங்க பயப்படறது புரியுது. நஞ்சுதான். சித்த வைத்தியத்துல நஞ்சு இல்லாத மருந்து எத்தனை இருக்கு? சுத்தி செஞ்சு, நஞ்ச முறிச்சுத்தானே கொடுக்கறாங்க? அந்தச் சொல்லைச் சேத்துருவோம்" என்று, பென்சிலால் 'சுத்தி செய்த' என்று மேலே எழுதினார். கிழங்கு என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டே சொல். யார் சுத்தி செய்வது, எப்படி, செய்தது போதுமா என்று யார் பார்ப்பது, எதுவும் இல்லை.

நான் வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்தேன். 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. போடமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் என்னை வேலையை விட்டும் அனுப்பியிருக்கமாட்டார். "சரிம்மா" என்றிருப்பார், அவ்வளவுதான். அந்த "சரிம்மா"வுக்குப் பயந்தேன் என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்கு அய்யலூருக்குப் போனோம். ஒரு பள்ளிக்கூட அறை. ஆட்டுச் சந்தை நாளாகப் போய்விட்டது. வெளியே ஆடுகள் கத்திய கத்தலில் நான் தொண்டை கிழியப் பேச வேண்டியிருந்தது. இருபது பெண்கள் இருப்பார்கள். ஒவ்வொரு பக்கமாகப் படித்து விளக்கினேன். மூலத்துக்கு வந்ததும் முன் வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். பேச்சியம்மாள் என்று பெயர். எட்டாவது வரை படித்தவள். புருஷனோடு சேர்ந்து மல்லிகைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் நான் சொன்னதையெல்லாம் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்தவள்.

"ஏங்க டீச்சர், கலப்பைக் கிழங்குங்கிறது எங்க வேலியில கெடக்குற கண்வலிக் கெழங்குதான? அதையா உள்ளுக்குக் குடுக்கச் சொல்றீக?"

எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் அந்தச் செடியைத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். சுவரோரத்தில் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார்.

"சுத்தி பண்ணிட்டா ஒண்ணும் செய்யாது" என்றேன்.

"அப்ப சரிங்க" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டாள்.

மூன்று மாதம் போயிருக்கும். காலையில் அலுவலகத்தில் யாரோ பிரித்துப் போட்டிருந்த செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி. கணவனுக்கு விஷக்கிழங்கு கொடுத்துக் கொன்ற மனைவி கைது. ஊர் பெயரைப் பார்த்தேன், பிறகு அவள் பெயரைப் பார்த்தேன். பேச்சியம்மாள்.

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். அவள் புருஷன் முருகேசனுக்கு மூலம். ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு, "எவன்ட்டயும் போய்த் துணிய அவுக்க மாட்டேன்" என்று இருந்திருக்கிறான். பேச்சி புத்தகத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த அளவில் சுத்தி செய்து கொடுத்திருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் வாந்தியும் பேதியும் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் மறைக்கவில்லை. "கண்வலிக் கெழங்கு நான்தான் குடுத்தேன், காப்பாத்துங்க" என்று காலைப் பிடித்திருக்கிறாள். நான்காம் நாள் அவன் இறந்தான். எங்கள் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று வாயைத் திறந்தால் யாரும் மருந்து என்று நினைக்கமாட்டார்கள். அவள் உண்மையைச் சொன்னதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

டாக்டர் எங்களைக் கூட்டினார். முகம் வெளுத்திருந்தது. இரண்டு நாள் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "புத்தகத்துல அச்சுப்பிழை இருக்கு. எல்லாப் பிரதியையும் உடனே திரும்ப வாங்கணும்" என்றார். அச்சுப்பிழை என்ற சொல்லை அவர் யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் போன பிறகு என்னை நிறுத்தினார்.

"மேரி, சொல்லு சரிதானே? நங்கலம்னா கலப்பைதானே?"

ஒரு மனுஷன் செத்துப் போயிருக்கிறான். அவர் இதைத்தான் கேட்டார்.

"சொல்லு சரிதான் சார்" என்றேன்.

புத்தகங்களைத் திரும்ப வாங்கும் வேலை களப்பிரிவுக்கு. அதாவது எனக்கு. அய்யலூர், வடமதுரை, அதைச் சுற்றிய ஊர்கள் என்று ஒரு வாரம் பேருந்தில் அலைந்தேன். புதுப் புத்தகம் தருவோம் என்று சொல்லி வாங்கினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், "இதப் படிச்சுத்தான பேச்சி குடுத்தா, டீச்சர்?" என்றாள். நான் பையின் வாரை இழுத்து இழுத்துக் கட்டினேன்.

கடைசியாகப் பேச்சியின் வீட்டுக்கும் போனேன். வாசலில் அவளுடைய மாமியார் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மருந்துப் புத்தகம் கொடுத்த ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றேன். எழுந்து உள்ளே போய், மாடத்திலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து என் காலடியில் எறிந்தார்.

"இந்தா. இதப் படிச்சுத்தான் குடுத்தேன்னு சொன்னா அந்தச் சிறுக்கி. போலீசுக்காரன் இதெல்லாம் வேணாம்னுட்டுப் போய்ட்டான். எம் மகனே போய்ட்டான், இது எதுக்கு எனக்கு? எடுத்துட்டுப் போ, தாயி."

குனிந்து எடுத்துக்கொண்டேன். பேருந்தில் பிரித்துப் பார்த்தேன். மூலத்துக்கான பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் அவளுடைய குண்டு எழுத்து: 'சுத்தி பன்னா ஒன்னும் செய்யாது – டீச்சர்.'

அந்த ஊரிலிருந்து திண்டுக்கல் வரும் வரை அந்தப் பக்கத்தை மூடவில்லை. ஒருத்தியைக் கொலைகாரி இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே தாள் என் மடியில் இருந்தது. அவள் வீட்டுக்கே போய், அவள் இல்லாதபோது, அதை நான்தான் எடுத்து வந்திருந்தேன்.

மற்ற பிரதிகளை அலுவலகத்தில் எண்ணிக் கொடுத்தேன். தோட்டத்து இலைச் சருகோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். பேச்சியின் பிரதி என் வீட்டு பீரோவில், ஜெபப் புத்தகத்துக்கு அடியில் இருந்தது. நல்லவள் மாதிரி உடனே எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நாற்பது நாள் அது பீரோவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனேன், பூசையில் நன்மை அப்பம் வாங்கினேன், திரும்பி வந்து பீரோவைத் திறக்காமல் இருந்தேன். அச்சுக்குப் போன பிரதியில் இருந்த கையெழுத்து என்னுடையது. ஓரத்தில் எழுதியிருந்த சொல் என் வாயிலிருந்து வந்தது. போலீஸ் வந்தால் டாக்டர் வீட்டுக்கு வராது, என் வீட்டுக்குத்தான் வரும். நாற்பது நாளும் நான் கணக்குப் போட்டது அவளுக்காக அல்ல, எனக்காக.

நாற்பத்தோராம் நாள் போனது மனசாட்சியால் என்றும் சொல்லமுடியாது. அதற்கு முந்தின நாள் சந்தையில் என் தங்கை பேச்சுவாக்கில், "புருஷனுக்கு வெசம் வச்சாளே ஒருத்தி, அவளத் தூக்குல போடணும்க்கா" என்றாள். தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் நல்லவள், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவள். தக்காளிப் பையை அவளிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கோர்ட்டில் பேச்சிக்காக ஒரு வக்கீலை நியமித்திருந்தார்கள். அவரைத் தேடிப் போய்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார்.

"இது எங்க இருந்துச்சும்மா?"

"அவங்க வீட்டுல."

"உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

சொன்னேன்.

"எப்ப வந்துச்சு?"

அதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு ஜெயில்ல ரெண்டு தரம் மயக்கம் வந்துருச்சு. சோறு எறங்க மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் காகிதத்தில் நடந்தது. அவளுக்கு ஜாமீன் கிடைத்தது. என்னைப் போலீஸ் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தது. அறக்கட்டளை அவர்களுக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தது. மொழி ஆய்வு மட்டும்தான் இயக்குநருடையது என்றது அது. செடியை அடையாளம் காண்பதும் சரிபார்ப்பதும் களப்பிரிவின் பொறுப்பு. சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் ஆரோக்கியமேரி. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வழக்கு யார் மேலும் நிற்காமல் இழுத்து இழுத்துக் கடைசியில் பேச்சியை விடுதலை செய்தார்கள். தவறுதலாக நேர்ந்த சாவு என்று முடிந்தது.

நான் வக்கீலிடம் போனது தெரிந்த அன்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அன்றும் எழுந்து நின்றார்.

"நீங்க செஞ்சது சரிதாம்மா" என்றார்.

மறுநாள் என் மேசை விதைக் கிடங்குக்குப் போயிருந்தது. அங்கே விதையைப் புடைத்து, காயவைத்து, டப்பாவில் போட்டுப் பெயர் ஒட்டும் வேலை. பெயர்கள் ஏற்கெனவே அச்சடித்து வரும். நான் எந்தச் சொல்லையும் தொட வேண்டியதில்லை. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். ஏன் விலகவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. விலகினால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள், அதற்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. டாக்டர் பிராகிருதச் செடிப் பெயர்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். விழா வைத்தார்கள். சொல்லின் கதையை அவர் மேடையில் சொன்னபோது கை தட்டல் அடங்கவே நேரமானது. நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் தட்டினார்கள், நானும் தட்டினேன்.

பேச்சியை மறுபடி பார்த்தது அவள் விடுதலையான அடுத்த கார்த்திகையில். பிறந்த ஊருக்கே போய்விட்டாள், ஒரு தோட்டத்தில் கூலிக்குப் போகிறாள் என்று பழைய தொண்டர் ஒருத்தி சொன்னாள். விடுமுறை நாளில் காலையிலேயே கிளம்பிப் போனேன். தோட்டத்துக்குப் போகும் வழியை விசாரித்தபோது, கடைக்காரர், "எந்தப் பேச்சி? கெழங்குப் பேச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்தை எட்டினேன். இரண்டு ஏக்கருக்கும் கண்வலி. கம்பியில் ஏறி, மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் கிடந்தது. நான்கைந்து பெண்கள் வரிசைக்கு ஒருத்தியாக நின்று, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பூவுக்குக் கையால் தடவினால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். காலை வெயிலுக்குள் முடிக்க வேண்டும். பேச்சி ஓரத்து வரிசையில் தனியாக நின்றாள். இளைத்திருந்தாள். முன்நெற்றியில் நரைத்திருந்தது.

"யாரு? டீச்சரா?" என்றாள். கை நிற்கவில்லை.

"பேச்சி... இந்த வேலைக்கா வார?"

"வேற எதுக்குக் கூப்பிடுவாக? சத்துணவுல சமைக்க ஆள் கேட்டாக, போனேன். வேணாம்னுட்டாக. பால் கறக்கக் கூப்பிட மாட்டாக. நாத்து நடுற எடத்துல கஞ்சிச் சட்டியத் தொட்டா, அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுப் போயிருவாக. வாயில போற எதையும் நான் தொடக் கூடாது, டீச்சர். இதத் தொடலாம். இத எவனும் திங்கப் போறதில்லேல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னாள். நான் வழி முழுக்க மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். ஓலையைப் பற்றி, கலப்பையைப் பற்றி, டாக்டரைப் பற்றி எல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"நீ கேட்டப்பவே அது தப்புன்னு எனக்குத் தெரியும், பேச்சி. தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றேன்.

அவள் கை ஒரு பூவின் மேல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பக்கத்து வரிசையில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் விரல் நுனியை அடுத்த பூவுக்குக் கொண்டு போனாள்.

"வெயில் ஏறுறதுக்குள்ள இந்த வரிசைய முடிக்கணும்" என்றாள். "செத்தத் தள்ளி நில்லுங்க, டீச்சர். பூ ஒடிஞ்சிரும்."

தள்ளி நின்றேன்.